நூற்றுக்கு ஐந்து: கர்னூல் – கடப்பா கால்வாயின் கணக்கு

சாலை, துறைமுகம், மின்நிலையம் என்று பொது வசதிகளில் தனியார் பணம் போடுவது பற்றிப் பேச்சு வந்தாலே, எல்லாம் 1991க்குப் பிறகு தொடங்கியது போலத்தான் பேசுகிறோம். உண்மையில் இது இங்கே பழைய சரக்கு. இந்தியாவின் முதல் இரயில் பாதைகளே தனியார் கம்பெனிகள் போட்டவைதான். அதே ஏற்பாட்டில் ஒரு கால்வாயும் வெட்டினார்கள். இரயிலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கால்வாயைப் பற்றி அதிகம் பேச்சில்லை. எனக்கென்னவோ பாடம் கால்வாயில்தான் தெளிவாக இருக்கிறது என்று படுகிறது.

முதலில் ஏற்பாடு என்னன்னு பார்த்துவிடலாம். 1849 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனி இரண்டு இரயில்வே கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டது. நிலம் இலவசம், 99 வருஷக் குத்தகை. முக்கியமான ஷரத்து, போட்ட மூலதனத்துக்கு ஆண்டுக்கு 5 சதவீத உத்தரவாதம். இரயில் சம்பாதித்தால் அதிலிருந்து கொடுக்கலாம். சம்பாதிக்காவிட்டால் மீதியை இந்திய வருவாயிலிருந்து, அதாவது பெரும்பாலும் நிலவரியிலிருந்து, அரசு கொடுத்துவிடும். 1856இல் இராயபுரத்திலிருந்து முதல் இரயிலை ஓட்டிய மதராஸ் இரயில்வே கம்பெனியும் இந்த வகையறாதான்.

இதற்கிடையே தென்னிந்தியாவில் வேறொரு வெற்றி நடந்திருந்தது. ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தில் முக்கொம்பு மேலணையைக் கட்டினார். பிறகு 1847 முதல் 1852 வரை கோதாவரியில் தவளேஸ்வரம் அணைக்கட்டு. இரண்டுமே அரசுப் பணத்தில் நடந்த வேலைகள். செலவு குறைவு, பலன் அதிகம். சாகுபடியும் பெருகியது, வரியும் பெருகியது. இரயிலுக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்க்குப் போட்டால் நாடு பிழைக்கும் என்று காட்டன் கடைசிவரை வாதாடினார். அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் லண்டனில் பணம் வைத்திருந்தவர்கள் அதிலிருந்து வேறொரு முடிவுக்கு வந்தார்கள்: இந்தியாவில் எங்கே கால்வாய் வெட்டினாலும் லாபம்தான்.

1858இல் மதராஸ் இரிகேஷன் அண்ட் கேனால் கம்பெனி உருவானது. மூலதனம் 10 லட்சம் பவுண்டு. அதற்கும் அதே 5 சதவீத உத்தரவாதம். திட்டம் பிரம்மாண்டமானது. அதில் உருப்படியாக நடந்தது ஒரு பகுதிதான். கர்னூலுக்கு மேலே சுங்கேசுலாவில் துங்கபத்திரையை மறித்து அணைக்கட்டு கட்டி, அங்கிருந்து கடப்பா வரை சுமார் 190 மைல் கால்வாய். கிருஷ்ணா படுகையிலிருந்து நீரைப் பிரித்து, நடுவில் இருக்கும் மேட்டை வெட்டித் தாண்டி, பெண்ணாறு படுகைக்குக் கொண்டுபோக வேண்டும். பாசனம் மட்டுமல்ல, படகும் போக வேண்டும் என்பதால் கால்வாய் அகலம், ஆழம் எல்லாம் கூடுதல்.

பணம் சீக்கிரமே தீர்ந்தது. 1866இல் அரசு மேலும் 6 லட்சம் பவுண்டு கடன் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆக தனியார் முதலீடு என்று தொடங்கிய வேலையில் மூலதனத்துக்கு வட்டியும் அரசு, மேற்கொண்டு கடனும் அரசு. கால்வாய் 1871 வாக்கில் முழு நீளமும் திறந்தது.

இனிமேல்தான் விஷயமே. தண்ணீர் வந்தது, வாங்க ஆள் வரவில்லை.

கோதாவரி டெல்டா விவசாயி ஏற்கெனவே நெல் போடுகிறவர். வண்டல் மண், சமதளம், வாய்க்கால் பழக்கம் எல்லாம் அவரிடம் இருந்தது. அணைக்கட்டு அவருக்கு இல்லாதிருந்த ஒன்றை மட்டும், அதாவது நிச்சயத்தை, கொடுத்தது. காசு கொடுக்க அவர் தயங்கவில்லை. கர்னூல் பக்கம் நிலைமை வேறு. அங்கே பெரும்பகுதி கரிசல் மண். ஒருமுறை நன்றாக மழை பெய்தால் ஈரத்தை வாரக்கணக்கில் பிடித்துவைத்திருக்கும். சோளமும் பருத்தியும் அதை வைத்தே விளைந்துவிடும். கரிசலில் அளவு தெரியாமல் தண்ணீர் பாய்ச்சினால் பயிர் கெடும். அதை நன்செய்யாக மாற்ற வேண்டுமென்றால் நிலத்தைச் சமப்படுத்தணும், வரப்பு போடணும், கூடுதல் மாடு, எரு, ஆள் வேணும். இவ்வளவும் செய்து, தண்ணீர்த் தீர்வையும் கட்டி, மழை பெய்கிற வருஷத்தில் அந்த விவசாயிக்கு என்ன மிச்சம்? அவர் கணக்குத் தெரியாதவர் இல்லை. வேண்டாம் என்று சொன்னதுதான் அவருடைய கணக்கு.

இந்த விவரம் இரகசியம் ஒன்றும் இல்லை. அந்த ஊர்களில் யாரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். லாபம் தண்ணீர் விற்பதில்தான் இருக்கிறது என்றால், கம்பெனி முதலில் அதைத்தான் விசாரித்திருக்கும். விற்றாலும் விற்காவிட்டாலும் 5 சதவீதம் வரும் என்றால் விசாரிக்க என்ன அவசரம்? முன்பு இந்திய நிதி உறுப்பினராக இருந்த வில்லியம் மாஸ்ஸி 1872இல் நாடாளுமன்றக் குழு முன் இரயில்வே பற்றி இதையேதான் சொன்னார். வட்டிக்கு உத்தரவாதம் இருக்கும்வரை, பணம் கட்டடமாக மாறினாலும் ஹூக்ளி ஆற்றில் கொட்டப்பட்டாலும் முதலீட்டாளருக்கு ஒன்றுதான் என்பது அவர் சாட்சியத்தின் சாரம்.

பிறகு 1876–78 பஞ்சம் வந்தது. மழை பொய்த்தபோது கரிசல் விவசாயியும் கால்வாய்த் தண்ணீரைத் தேடி வந்தார். அந்தத் தண்ணீர் பாய்ந்த இடங்களில் பயிர் பிழைத்தது. இதையும் நேர்மையாகச் சொல்லணும். ஆனால் பாய்ந்த பரப்பு கொஞ்சம்தான். 1871, 1881 மக்கள்தொகைக் கணக்குகளுக்கு இடையில் கர்னூல் மாவட்டம் ஏறக்குறைய கால்வாசி மக்களை இழந்தது. அந்த வருஷங்களிலும் உத்தரவாத வட்டி தவறவில்லை. மழை திரும்பியதும் தண்ணீர் கேட்பவர்கள் மறுபடி குறைந்தார்கள். 1882இல் அரசே கால்வாயை விலைகொடுத்து வாங்கிக்கொண்டது.

அப்படியென்றால் உத்தரவாதம் கொடுத்ததே தப்பா? அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஒரிசாவில் ஈஸ்ட் இந்தியா இரிகேஷன் அண்ட் கேனால் கம்பெனி உத்தரவாதம் இல்லாமல் கால்வாய் வெட்டப் போனது. போதிய பணம் திரட்ட முடியாமல் திணறி, 1860களின் கடைசியிலேயே அரசிடம் போய்ச் சேர்ந்தது. உத்தரவாதம் இல்லையென்றால் பணம் வரவில்லை. கொடுத்தால் பணத்தோடு கவனம் வரவில்லை. இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் அரசு தானே கடன் வாங்கிப் பாசன வேலைகளைச் செய்யும் முறை நிலைத்தது. நஷ்டம் எப்படியும் அரசுடையது என்றால், குறைந்த வட்டிக்கு நேரடியாகவே கடன் வாங்கலாமே!

நூறு வருஷம் கழித்து மகாராஷ்டிரத்தில் தாபோல் மின்நிலையத்தில் இதே கணக்கு வேறு உடையில் வந்தது. 1993 டிசம்பரில் போட்ட ஒப்பந்தத்தின்படி, மாநில மின்வாரியம் மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலையான கட்டணத்தைக் கட்டியாக வேண்டும். மாநில அரசு உத்தரவாதம், அதற்கு மேல் மத்திய அரசின் எதிர் உத்தரவாதம். அவ்வளவு விலைக்கு அத்தனை மின்சாரம் மாநிலத்துக்குத் தேவைப்படுமா என்ற கேள்வியை உலக வங்கியே 1993இல் எழுப்பியது. மின்நிலையம் 1999இல் ஓடத் தொடங்கி 2001இல் நின்றது.

கர்னூல் – கடப்பா கால்வாய் நிற்கவில்லை. படகுப் போக்குவரத்து எப்போதோ போய்விட்டது. ஆனால் இன்று அது இராயலசீமையின் முக்கியமான பாசன ஆதாரம். கிருஷ்ணா நதிநீர்த் தீர்ப்பாயம் அதற்கு 39.9 டி.எம்.சி. ஒதுக்கியது. இப்போது அந்தத் தண்ணீருக்காக மேலூர்க்காரர்களும் கீழூர்க்காரர்களும் மல்லுக்கு நிற்கிறார்கள். அதனால் கால்வாயை வீண் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்தப் பலன் வந்து சேர்வதற்குள் வட்டியை வாங்கியவர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டியவர்கள் தண்ணீர் வேண்டாம் என்று சொன்னவர்களும், பஞ்சத்தில் அது எட்டாமல் போனவர்களும்தான்.

இந்த மாதிரி ஒப்பந்தம் எதைப் பார்த்தாலும் இப்போது நான் முதலில் தேடுவது முதலீட்டுத் தொகையை அல்ல. வாங்க ஆள் வராவிட்டால் யார் கட்டுவது என்ற ஷரத்தைத்தான்.