‘மூலிகை சோப்’ போட்டா அரிப்பு போகுமா? வடசென்னைக்காரர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது. மீனவர்கள் பலர் அதை வெறுங்கையால் அள்ளினார்கள். கை, கால் அரிப்பு என்ற புகாரும் கூடவே வந்தது. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கும் உப்புத் தண்ணியும் தினசரி சமாச்சாரம். வேம்பு, மஞ்சள் படம் போட்ட சோப்பு இதற்கு உதவுமா?

சென்னையிலேயே இதற்கு ஒரு கதை உண்டு. ரயில்வே மருத்துவர் வி.பி.சித்தன், தோல் பிரச்சினையோடு வந்த ரயில்வே தொழிலாளர்களுக்கு மூலிகை எண்ணெய் கொடுத்தார். அதையே 18 மூலிகைகளோடு சோப்பாக மாற்றினார். 1969-ல் பிறந்த அந்த சோப்புதான் மெடிமிக்ஸ்.

அழுக்கை எடுப்பது எது?

மூலிகை இல்லை, சோப்புதான். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் சோப்பு. இதில் தேங்காய் எண்ணெய்க்குத் தனி மவுசு. அதிலுள்ள லாரிக் அமிலத்தால், உப்புத் தண்ணியிலும் அந்த சோப்பு நுரைக்கும். கப்பல்காரர்கள் கடல்நீரில் குளிக்கப் பயன்படுத்திய சோப்பே தேங்காய் எண்ணெயில் செய்ததுதான். மற்ற சோப்புகள் போர் தண்ணியில் நுரைக்காமல் வெள்ளையாகத் திரிவதற்குக் காரணம் கால்சியம், மக்னீசிய உப்புகள்.

வேப்ப எண்ணெய்க்கும் மஞ்சளுக்கும் கிருமி எதிர்ப்புக் குணம் உண்டு. ஆனா அரை நிமிஷத்தில் கழுவிவிடும் சோப்பில் அது பெரிதாக வேலை செய்ய நேரமே இல்லை. தோல் வறளாமல் இருக்க கிளிசரின்தான் அதிகம் கைகொடுக்கும்.

கவரில் இலை படத்தைவிட டி.எஃப்.எம். எண்ணைப் பாருங்க. முதல் தர குளியல் சோப்பில் அது 76 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ‘பேதிங் பார்’ என்றால் 40 இருந்தாலே போதும்!

பிசுக்கு ஒட்டினால்?

முதலில் தேங்காய் எண்ணெய் தடவி, துணியால் துடைத்து, பிறகு சோப்பு போடுங்க. மண்ணெண்ணெய், பெட்ரோல், துணி சோப்பு கூடவே கூடாது. அவை தோலின் இயற்கை எண்ணெயையும் சேர்த்து உரித்துவிடும்.

‘இயற்கை’ என்றாலும் சிலருக்கு ஒத்துக்காது. வாசனை எண்ணெய்கள் அலர்ஜி கிளப்பலாம். புது சோப்பை சில நாள் முழங்கையில் மட்டும் போட்டுப் பாருங்க.

படர்தாமரை, சிரங்கு எந்த சோப்பிலும் குணமாகாது. ராத்திரியில் அரிப்பு கூடினாலோ, வீட்டில் இன்னொருவருக்கும் வந்தாலோ, ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டுங்க.