பிறக்கும்போதே கிழவியா?

ஆடிப் பதினெட்டுக்குக் கொடுமுடி போயிருந்தோம். காவிரியில் முங்கி எழுந்து மகுடேசுவரர் கோயிலைச் சுற்றி வரும்போது மைக்செட்டில் 'திருவிளையாடல்' படத்து அவ்வையார் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மெட்ராஸிலிருந்து வந்திருந்த தங்கச்சி மகன் காதைக் குடைந்துகொண்டே கேட்டான்: "மாமா, இந்தப் பாட்டி எல்லாப் படத்துலயும் கிழவியாத்தான் வருது. பொறக்கும்போதே கிழவியா?"

சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் பையன் கேட்டது சரியான கேள்வி.

கே.பி. சுந்தராம்பாள் எங்க பக்கத்து அம்மா. கே என்றால் கொடுமுடி, பி என்றால் அவரைப் பெற்ற பாலாம்பாள். 1908-ல் பிறந்தவர். வீட்டில் சோத்துக்கே கஷ்டம். சின்னப் பிள்ளையாக ரயிலில் பாடிக் காசு வாங்கினார், அந்தக் குரலைக் கேட்டுத்தான் நாடகத்துக்குக் கூட்டிப்போனார்கள் என்று இங்கே எல்லாரும் சொல்லுவாங்க. ஈரோடு கரூர் லைனில் இன்னைக்கும் ரயிலில் பாடிக்கொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு அந்த ஞாபகம்தான்.

அந்தக் கால நாடகத்தில் மைக் கிடையாது. கொட்டகையில் கடைசியில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் வார்த்தை தெளிவாகக் கேட்கணும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மடை திருப்புகிற ஆளைக் கூப்பிட்டுப் பழகினவனுக்கு இதோட கஷ்டம் தெரியும். கத்தினால் சத்தம் போகும், சொல் போகாது. சொல்லும் போகணும், சுருதியும் விலகக் கூடாது என்றால் அது தனி வித்தை. சுந்தராம்பாளின் பாட்டில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் காதில் விழுவதற்குக் காரணம் அந்தக் கொட்டகைதான்.

அந்த வித்தையில் அவருக்கு ஈடு கொடுத்தவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. ரெண்டு பேரும் சேர்ந்து நடித்தது முதலில் இலங்கையில், கொழும்பில். இவர் பாட அவர் பாட, போட்டியாகவே நாடகம் விடிய விடிய நடக்கும். 1927-ல் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. சேர்ந்து வாழ்ந்தது கொஞ்ச நாள்தான்; மனஸ்தாபம், பிரிவு, உடம்பு சரியில்லாமல் போனது எல்லாம் சீக்கிரமே வந்துவிட்டது. அந்த நாளில் சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்பாடு அச்சில் வந்திருக்கின்றன. மேடையில் கம்பீரமாக நிற்கிற அம்மா, கடிதத்தில் ஒரு வரி பதிலுக்காகக் காத்திருக்கிற சின்னப் பொண்ணு. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்துபோனார். அவருக்கு 27 வயசு. இந்தம்மாவுக்கு 25.

அன்றைக்கு உடுத்தின வெள்ளைச் சேலைதான், சாகும்வரை மாற்றவில்லை. இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவு செய்தார். ஜோடியாகப் பாடுவதுதான் அந்தத் தொழிலே! அதை விட்டால் ஒரு நடிகைக்கு என்ன மிச்சம்?

அவர் என்ன செய்தார் என்றால், ஆணாகவே நடித்தார். 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனார் வேஷம் கட்டினார். வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். பட முதலாளி ஹசன்தாஸ் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க, ஆளைத் துரத்த லட்ச ரூபாய் கேட்டாராம். அந்த மனுஷன் சரி என்றுவிட்டார். அப்போது பவுன் முப்பது ரூபாய்க்குள். லட்சத்துக்கு மூவாயிரம் பவுனுக்கு மேலே வரும். இப்போது மஞ்சள் விற்கிற விலைக்கு நான் எத்தனை பிறவி எடுத்தாலும் அந்தக் கணக்கு எனக்கு வராது. படத்தைப் பார்த்த கல்கி, பனைமரமும் எருமைமாடும் ஆட்டுக்குட்டியும்தான் நன்றாக நடித்திருக்கின்றன என்று விகடனில் கேலி பண்ணி எழுதினார். (எருமையை நிற்கச் சொன்ன இடத்தில் நிற்க வைப்பது சாதாரண காரியமில்லை, அது வேறே.)

1940-ல் 'மணிமேகலை'. அதுவும் துறவி. இடையில் சத்தியமூர்த்தி கூப்பிட்டுக் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். 1951-ல் மெட்ராஸ் மேலவைக்கே போனார். சினிமாக்காரர்கள் சட்டசபை போவதற்கு முதலில் வழி போட்டது இந்தம்மாதான் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

அப்புறம் 1953-ல் ஜெமினி வாசனின் 'அவ்வையார்'. முப்பது பாட்டு அவரே பாடினார். இந்தப் படத்தில் ஒரு கட்டம். கல்யாணம் பேசி முடித்த சின்னப் பொண்ணு, எனக்கு இந்த இளமை வேண்டாம், கிழவியாக்கிவிடு என்று பிள்ளையாரிடம் கேட்கிறாள். அது வரைக்கும் குசலகுமாரி. அதற்கப்புறம் சுந்தராம்பாள்.

எங்கப்பாவின் அத்தை ஒருவர் இருந்தார். 22 வயசில் தாலி அறுத்தவர். அதற்கப்புறம் அவருக்கு வெள்ளைச் சேலை, அடுப்படி, மாட்டுச்சாளை, அவ்வளவுதான் உலகம். நல்ல காரியத்துக்கு முன்னே வரக் கூடாது. அவர் ஆயுசுக்கும் பார்த்த ஒரே சினிமா இந்த 'அவ்வையார்'. சாமி படம் என்பதால் டூரிங் கொட்டாய்க்கு விட்டார்கள். அந்தப் பிள்ளையார் கட்டத்தில் எழுந்து வெளியே போய் நின்று அழுதுவிட்டு வந்தாராம். எங்கம்மா சொல்லுவாங்க.

மேடைகளில் சுந்தராம்பாளைக் கற்புக்கரசி என்று பேசும்போது எனக்கு ஒப்பாது. அதே வெள்ளைச் சேலை அத்தையை மூலையில் உட்கார வைத்தது. இந்தம்மாவோ அதையே கட்டிக்கொண்டு, யாரும் தப்பாக ஒரு வார்த்தை பேச முடியாதபடி ஊர் ஊராகத் தனியாக நின்று சம்பாதித்தார். துக்கம் நிஜம்தான். ஆனால் அதற்குள் ஒரு வைராக்கியக் கணக்கும் இருந்தது என்றுதான் எனக்குத் தோணுது.

மற்றதெல்லாம் நீங்கள் பார்த்ததுதான். 1964-ல் 'பூம்புகார்' கவுந்தியடிகள், அடுத்த வருஷம் 'திருவிளையாடல்', பிறகு 'கந்தன் கருணை', 'காரைக்கால் அம்மையார்'. 1969-ல் வந்த 'துணைவன்' படத்துக்குச் சிறந்த பாடகி என்று தேசிய விருது. கூட ஓடுகிற பாடகிகள் எல்லாம் மகள் வயசு. இவருக்கு அறுபது தாண்டியிருந்தது. 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் போய்ச் சேர்ந்தார்.

தங்கச்சி மகனிடம் இத்தனையும் சொல்லவில்லை. போனில் ஒரு பழைய இசைத்தட்டுப் பாட்டைத் தேடிப் போட்டேன். வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டான். "யார் மாமா இது?" என்றான்.

"அதே பாட்டிதான்டா. உன் வயசுல."