லேக் மார்க்கெட்டில் வித்தையும் கடனும்

1912இல் நிறுவப்பட்ட கல்கத்தா அபிவிருத்தி டிரஸ்ட், நகரின் தென்புறத்துத் தாழ்ந்த நிலங்களை மேடாக்கி, தெருக்கள் வகுத்து, 1920களில் டாக்குரியா ஏரியையும் வெட்டியதன் பயனாக எழுந்த புதிய குடியிருப்புகளில், ராஸ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய லேக் மார்க்கெட் வட்டாரம் தமிழர்களுக்கு உரியதாக அமைந்தது தற்செயலான நிகழ்ச்சி அன்று. வாழையிலையும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் அங்கே விற்பனைக்கு வந்ததும், கோமள விலாஸ் போன்ற விடுதிகளில் தமிழ்ச் சமையல் மணத்ததும், காப்பிப் பொடிக் கடைகள் தோன்றியதும், மாதந்தோறும் சம்பளம் வாங்கும் ஒரு கூட்டம் அங்கே குடியேறிய பின்னரே நிகழ்ந்தன. அந்தச் சம்பளத்துக்கு மூலமாக இருந்த வித்தை எது, அதைக் கற்பதற்கான பணம் யாரிடமிருந்து வந்தது என்ற விசாரணை, கடன் வாங்கித் தொழிற்படிப்புப் படிக்கும் இன்றைய பிள்ளைகளின் நிலையைக் கருதும்போது மிகவும் அவசியமாகிறது.

தமிழ்நாட்டிலிருந்து கல்கத்தாவுக்கு உத்தியோகம் தேடி வந்தவர்களில் பெரும்புகழ் பெற்றவர் 1907இல் நிதித்துறை அதிகாரியாக அங்கே வந்து சேர்ந்த சர் சி. வி. ராமன். ஆயினும் அவர் போன்று போட்டிப் பரீட்சையில் தேறி வந்தவர்கள் சிலரே. ஹௌரா மெயிலின் மூன்றாம் வகுப்புப் பெட்டியில், ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு சான்றிதழுமாக வந்து இறங்கிய பலருக்கும் மூலதனமாக இருந்தவை தட்டெழுத்தும் சுருக்கெழுத்துமே. ஐசக் பிட்மன் 1837இல் இங்கிலாந்தில் வெளியிட்ட சுருக்கெழுத்து முறை, தஞ்சை, திருச்சி, திருநெல்வேலி ஜில்லாக்களின் சிற்றூர்ப் பையன்களுடைய விரல்களில் வந்து குடியேறி, கிளைவ் தெருவின் ஆங்கிலேய வர்த்தகக் கம்பெனிகளுக்கு இன்றியமையாத சாதனமாயிற்று. தட்டெழுத்தில் லோயர் என்றால் நிமிஷத்துக்கு 30 சொற்கள், ஹையர் என்றால் 45. சுருக்கெழுத்தில் ஹையர் தேறியவன் 120 சொற்கள் எழுத வேண்டும். துரை அறையில் உலவிக்கொண்டே சொல்லும் கடிதத்தை, சீவிய பென்சிலால், தடித்த கோடும் மெல்லிய கோடும் பிசகாமல், கோடுகளின் பக்கத்தில் புள்ளிகளை உரிய இடத்தில் இட்டுக் குறித்துக்கொண்டு வந்து, ஒரு பிழையுமின்றி மூன்று நகல்களாக அடித்து வைக்கிறவனிடம் கல்லூரிப் பட்டம் உண்டா என்று எவரும் கேட்டதில்லை.

இந்த வித்தைக்கான செலவோ சொற்பம். தட்டெழுத்து இயந்திரம், பயிற்சி தந்த இன்ஸ்டிடியூட்டுக்குச் சொந்தம். மாணவன் கொடுத்தது மாதக் கட்டணமும் பரீட்சைக் கட்டணமுமே. ரயில் கட்டணமும், வேலை கிடைக்கும் வரையிலான சாப்பாட்டுச் செலவுமே பெரிய பாரமாக இருந்தன. அதற்காகத் தாயாரின் வளையல் அடகுக்குப் போயிற்று. இல்லாவிட்டால் மிராசுதாரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்தார்கள். கல்கத்தாவில் வந்து இறங்கியவனை அத்திம்பேரோ சித்தப்பாவோ தம் வீட்டுத் திண்ணையிலோ, நாலு பேர் சேர்ந்து நடத்திய மெஸ்ஸிலோ தங்க வைத்து, தம் காரியாலயத்துப் பெரிய குமாஸ்தாவிடம் அழைத்துப் போனார். முதல் சில மாதங்களின் மணியார்டர் வளையலை மீட்கவும், அடுத்தவை வட்டியை அடைக்கவும், அதன் பிறகு வந்தவை தங்கையின் கல்யாணத்துக்கும் உதவின. கடன் சிறியது; வருமானம் விரைவில் வந்தது; கடன் கொடுத்தவரும் பெரும்பாலும் நெருக்கடி தெரிந்து பொறுத்துக்கொள்ளும் உறவினர். இந்த ஏற்பாட்டை நான் வெறுமனே புகழ்ந்துவிட விரும்பவில்லை. அத்திம்பேர் இல்லாதவனுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. சாதியும் ஊரும் தெரிந்தவர்களுக்குள்ளேயே சிபாரிசு சுற்றிவந்தது. பெண்களுக்கு அதில் நெடுங்காலம் இடமே இல்லை.

பெண்களுக்கு உரியதாக வேறொரு வழி, செவிலியர் பயிற்சி, அதே வட்டாரத்திலேயே உருவாயிற்று. ராமகிருஷ்ணா மிஷனைச் சேர்ந்த சுவாமி தயானந்தர், அமெரிக்காவில் தாய்சேய் நலப் பணிகளைக் கண்டு திரும்பி, 1932இல் சிசு மங்கள் பிரதிஷ்டானத்தைத் தொடங்கினார். அது வளர்ந்து, பிற்காலத்தில் சரத் போஸ் சாலையில் சேவா பிரதிஷ்டானம் என்ற பெரிய பொது மருத்துவமனை ஆயிற்று. லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம். அக்காலத்து மருத்துவமனைகளின் செவிலியர் பயிற்சிப் பள்ளிகளில் பொதுவாக நிலவிய வழக்கம் கவனத்துக்குரியது: பயிற்சி பெறும் பெண்ணுக்கு இருப்பிடமும் உணவும் சீருடையும் சிறு உதவித்தொகையும் மருத்துவமனையே அளித்தது; அதற்கு ஈடாக அவள் இரவு பகல் பாராமல் வார்டுகளில் உழைத்தாள்; படிப்பு முடிந்த பின்னும் பல இடங்களில் ஒப்பந்தப்படி சில காலம் பணியாற்றினாள். அந்த உழைப்பு கடுமையானது, சில வேளைகளில் சுரண்டல் என்றே சொல்லத் தக்கது. எனினும் அவளுடைய தகப்பனார் நிலத்தை அடகு வைக்க நேரவில்லை. அவள் பட்ட கடன் உழைப்பால் தீர்ந்தது. வேலையும் அதே கட்டிடத்தில் காத்திருந்தது.

1967க்குப் பின் தொழிற்சாலைகளில் கெராவோ என்னும் முற்றுகைகளும் கதவடைப்புகளும் பெருகி, கம்பெனிகள் தம் தலைமைக் காரியாலயங்களைப் பம்பாய்க்கும் டில்லிக்கும் மாற்றிக்கொள்ளத் தொடங்கவே, லேக் மார்க்கெட்டின் தமிழ்க் குடும்பங்களும் கலையலாயின. கணிப்பொறி வந்து தட்டெழுத்தின் மதிப்பையும் எடுத்துக்கொண்டது. அந்த வித்தை இருந்த இடத்தில், குறுகிய காலத்தில் கற்று விரைவில் சம்பாதிக்கலாம் என்ற நம்பிக்கையைத் தாங்கி நிற்பவை இன்று மருத்துவத் துணைப் படிப்புகள்: ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம், எக்ஸ்ரே, அறுவை அரங்கு, டயாலிசிஸ். ஒரு காலத்தில் எல்.எம்.எஃப். என்ற குறுகிய மருத்துவப் பட்டயத்தை வழங்கி, கிராமங்களுக்கு மருத்துவர்களை அனுப்பிய வங்காள ஸ்டேட் மெடிக்கல் ஃபாகல்டி, 1946இல் போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழு மருத்துவக் கல்விக்கு ஒரே தரம் வேண்டும் என்று பரிந்துரைத்ததைத் தொடர்ந்து அந்தப் பட்டயம் வழக்கொழிந்த பின், இந்தத் துணைத் தொழில்களுக்கே பட்டயம் அளித்து வருகிறது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களுக்குத் தேசிய ஆணையம் ஒன்றையும் ஏற்படுத்தியிருக்கிறது. கௌரவம் வந்தது. செலவை ஏற்கும் தோள் மட்டும் மாறிவிட்டது.

2001இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டம், பெற்றோரையும் கடனாளியாகச் சேர்த்துக்கொண்டு, 4 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்காமல் கடன் தர வழி செய்தது. நகையும் அத்திம்பேரும் இல்லாத குடும்பத்துக்கு அது பெரிய வரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டுப் பட்டயத்துக்காக ஆண்டுத் தொடக்கந்தோறும் 2 லட்சமாக 4 லட்சம் வாங்குகிறாள் ஒரு பெண். தனி வட்டி நூற்றுக்குப் 10. படிப்பு முடிந்து ஓராண்டு அவகாசம். தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 1 லட்சம் சேர்ந்து, கடன் 5 லட்சமாக நிற்கும். அதை ஐந்து ஆண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 10,600 ரூபாய் கட்ட வேண்டும். தொடக்கச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொண்டால், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் மிஞ்சுவது 4,400. பத்தாண்டு கழித்து வரக்கூடிய சம்பளத்தைக் காட்டிச் சேர்க்கைக்கு அழைக்கிறவர்கள் இந்த முதல் ஆண்டைப் பற்றிப் பேசுவதே இல்லை.

ஆகவே கட்டணத்தைக் கேட்பதற்கு முன்பு, சென்ற ஆண்டு தேறியவர்களில் எத்தனை பேர் எங்கே, என்ன சம்பளத்தில் அமர்ந்தார்கள் என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அதற்கு விடை தராத கல்லூரியை விட்டு, அரசு மருத்துவமனைகளோடு இணைந்த குறைந்த கட்டண இடங்களுக்கே முதலில் முயல வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இரத்தத்தைச் சோதிக்கவும் டயாலிசிஸ் இயந்திரத்தருகே நிற்கவும் ஆள் இல்லாமல் ஒரு நாளும் நடவாத தனியார் மருத்துவமனைகளும், பழைய செவிலியர் பள்ளிகளைப் போல, பயிற்சிக் காலத்து உணவையும் உறைவிடத்தையும் உதவித்தொகையையும் தாமே ஏற்கும்படி செய்ய வேண்டும். அந்தக் காலத்து வார்டுகளின் ஓயாத இரவு வேலையை மட்டும் திரும்பக் கொண்டுவரக் கூடாது.