பாதியில் நின்ற ஒரு படிப்பு

அம்பேத்கர் ஜெயந்தி மேடைகளில் ஒரு கணக்கு சொல்லப்படுகிறது. பாபாசாகேப் அமெரிக்காவில் ஒரு டாக்டர் பட்டம், லண்டனில் ஒரு டாக்டர் பட்டம், ஜெர்மனியில் ஒரு டாக்டர் பட்டம் வாங்கினார் என்று. பள்ளிப்பட்டுப் பக்கத்துக் காலனிகளில் ஏப்ரல் 14 அன்று கட்டுகிற பேனர்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது உண்மையில்லை. ஜெர்மனியில் அவர் பட்டம் வாங்கவில்லை. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், படிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

இதைச் சொன்னால் நம் ஆட்களுக்கே கோபம் வருகிறது. "இன்னாப்பா, அவங்க கொறைக்கிறது பத்தாதுன்னு நீயும் கொறைக்கிறியா?" என்று கேட்கிறார்கள். நான் குறைக்கவில்லை. வாங்காத பட்டத்தை அவர் தலையில் ஏற்றி வைப்பதால் அவருக்கு எந்தப் பெருமையும் கூடப் போவதில்லை. ஆனால் அந்தப் படிப்பு ஏன் நின்றது என்ற கேள்வியை நாம் இழந்துவிடுகிறோம். படிப்பு நின்றுபோவது என்றால் என்னவென்று சேரியில் பிறந்தவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்தாவதோடு நின்றவன், பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் நின்றவன், கல்யாணத்துக்காக நிறுத்தப்பட்ட பெண் என்று வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். பாபாசாகேப் வாழ்க்கையிலும் அப்படி ஒரு படிப்பு உண்டு. அதனாலேயே அது நம்முடைய வரலாறு.

நடந்தது என்ன? பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1916இல் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் சேர்ந்தார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. லண்டன் படிப்பை அப்படியே விட்டுவிட்டு, ஒப்பந்தப்படி பரோடா அரசாங்க வேலைக்குத் திரும்பினார். அங்கே தங்க அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் ஒளிந்து தங்கியவரைத் தடியோடு வந்து விரட்டினார்கள். வெளிநாட்டில் இருந்த வருஷங்களில் தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பே தனக்கு இல்லாமல் போயிருந்தது என்று பின்னால் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற குறிப்புகளில் அவரே எழுதினார்.

பிறகு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை. அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது, கோல்ஹாப்பூர் சாகு மகாராஜா கொடுத்தது, பார்சி நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடன், எல்லாம் சேர்த்துக் கொண்டு 1920இல் மறுபடி லண்டன் கப்பல் ஏறினார். மனைவி ரமாபாய் பம்பாய் பரேலில் சாலில் இருந்துகொண்டு குடும்பத்தை இழுத்தார். இந்த முறை மன்னர் பணம் கிடையாது. ஒவ்வொரு நாளும் கைக்காசு.

லண்டனில் இருந்தபோதே 1921 பிப்ரவரியில் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் சேர அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். பான் அப்போது பிரஷ்யாவில் அடங்கிய ஊர், ஆகவே பிரஷ்யக் கல்வி அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டும். தன் வாழ்க்கைக் குறிப்பைத் தன் கைப்பட ஜெர்மன் மொழியில் எழுதினார். கொலம்பியாவில் படித்த ஜெர்மன் அது. எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் இதே பையனுக்குத்தான் சமஸ்கிருதம் படிக்க இடம் தரவில்லை, பாரசீகம் எடுக்க வைத்தார்கள். பான் நகரத்திலோ 1818ஆம் ஆண்டே சமஸ்கிருதத்துக்குப் பேராசிரியர் இருக்கை போட்டாகிவிட்டது. எவன் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து கேட்கலாம். சொந்த நாட்டில் பூட்டி வைத்த மொழி அந்நிய நாட்டில் திறந்து கிடந்தது.

1922 ஏப்ரலில் பான் பல்கலைக்கழகத்தில் அவர் பெயர் பதிவானது. அடுத்த மாதம், மே 6ஆம் தேதி, சாகு மகாராஜா இறந்துபோனார். உதவி கேட்கக்கூடிய ஒரு கதவு மூடியது.

அந்த வருஷம் ஜெர்மனி எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். உலகப்போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1922 ஜனவரியில் சுமார் 190 மார்க். அதே வருஷம் டிசம்பரில் 7,000க்கும் மேல். 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க். பவுனோ டாலரோ கையில் வைத்திருந்த வெளிநாட்டு மாணவனுக்கு ஜெர்மனி மலிவான நாடு. சம்பளத்தை மார்க்கில் வாங்கிய ஜெர்மன் கூலிக்காரனுக்குக் காலையில் இருந்த விலை சாயந்திரம் இல்லை. 1922 ஜூனில் யூதரான வெளியுறவு அமைச்சர் வால்டர் ராத்தெனாவைச் சுட்டுக் கொன்றார்கள். பான் நகரம் பிரெஞ்சுப் படை பிடியில் இருந்தது.

இந்த நேரத்தில் பாபாசாகேப் எழுதிக்கொண்டிருந்தது நாணயத்தைப் பற்றி. 'ரூபாயின் பிரச்சினை' என்ற ஆய்வு. ரூபாய் மதிப்பு இறங்கினால் ஏற்றுமதி வியாபாரி லாபம் பார்க்கிறான், கூலிக்கு உழைப்பவன் வயிற்றில் அடி விழுகிறது என்பது அவர் வாதம். அரசாங்கம் இஷ்டத்துக்கு நாணயம் வெளியிட முடியாதபடி வரம்பு வேண்டும் என்றார். காசு செத்துப்போனால் முதலில் சாவது ஏழை என்பதற்கு அன்றைய ஜெர்மனியை விடப் பெரிய சாட்சி உலகத்தில் கிடையாது.

1923 ஜனவரியில் பான் பல்கலைக்கழகம் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டது. வகுப்பு எதற்கும் பதியவில்லை என்பது காரணம். லண்டனிலோ, பிரிட்டிஷ் அரசின் நாணயக் கொள்கையைத் தாக்கிய அவர் ஆய்வைத் தேர்வாளர்கள் ஏற்கவில்லை, திருத்தி எழுதச் சொன்னார்கள். இருந்து திருத்த லண்டனில் சாப்பாட்டுக்குக் காசு இல்லை. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பினார். அங்கிருந்தபடியே திருத்தி அனுப்பினார். அந்த ஆண்டு இறுதியில் லண்டன் டி.எஸ்சி. பட்டம் வந்தது. கொலம்பியா பட்டம் இன்னும் தாமதம். ஆய்வை அச்சடித்துக் கொடுத்தால்தான் பட்டம் என்பது அங்கே விதி. அச்சாகி, பட்டம் கைக்கு வந்தது 1927இல். நியூயார்க்கை விட்டுக் கிளம்பிப் பதினோரு வருஷம் கழித்து.

பான் பல்கலைக்கழகத்தில் இன்னொருவரும் படிப்பை முடிக்காமல் போனார். கார்ல் மார்க்ஸ். 1835இல் சட்டம் படிக்கச் சேர்ந்தார். குடியும் கூத்துமாக இருக்கிறான் என்று வக்கீலான அவர் அப்பா மறு வருஷமே பெர்லினுக்கு மாற்றினார். மார்க்ஸைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. ஒருவருக்கு மாற்றி அனுப்ப அப்பாவும் அப்பாவின் வருமானமும் இருந்தது. இன்னொருவருக்கு இருந்தது கடன். பதிவேட்டில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: பட்டம் பெறவில்லை.

இதை நான் பள்ளிப்பட்டிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் திருத்தணி வட்டாரம் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைப் போராட்டத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள், பேசட்டும். கோட்டை எந்தப் பக்கம் போட்டாலும் சேரி ஊருக்கு வெளியேதான் இருந்தது. நம்ம பசங்க வீட்டில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி என்று வளர்கிறார்கள். புது மொழி என்றால் பயப்படுகிற சனம் இல்லை இது. செப்டம்பர் 5 வந்தால் பள்ளிக்கூடங்களில் திருத்தணியில் பிறந்து ஆக்ஸ்போர்டில் பேராசிரியரான ராதாகிருஷ்ணன் கதையைச் சொல்கிறார்கள். கடன் வாங்கி லண்டனிலும் பானிலும் படித்தவர் கதையைப் பள்ளிக்கூடத்தில் சொல்ல ஆளில்லை.

ஜெர்மனியும் நமக்குத் தெரியாத தேசம் இல்லை. 1860களில் ஹெர்மான்ஸ்பர்க் மிஷன்காரர்கள் நாயுடுபேட்டை, திருப்பதி வட்டாரத்துக்கு வந்தார்கள். அவர்கள் பின்னால் போனவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் அரசு ஜெர்மானியப் பாதிரிகளை வெளியேற்றியது. அங்கேயிருந்து இங்கே வந்து சேரியில் தெலுங்கு கற்றார்கள். இங்கேயிருந்து சேரிப் பிள்ளை அங்கே போய் ஜெர்மன் கற்பதற்கு வழி எங்கே?

இன்று வழி இருப்பதாகச் சொல்கிறார்கள். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. பையன் சந்தோஷப்படுகிறான். அப்புறம் விசா விதியைப் பார்க்கிறான். செலவுக்கான பணத்தை முன்கூட்டியே முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அந்தத் தொகை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 11,904 யூரோ ஆனது, பத்து லட்ச ரூபாய்க்கும் மேல். வங்கிக்குப் போனால் அடமானம் கேட்கிறான். காலனி வீட்டுப் பட்டாவை வைத்துக்கொண்டு எவன் பத்து லட்சம் தருவான்? படிப்பு இலவசம், வாசற்படிக்குத்தான் விலை.

அரசாங்க உதவி? தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை 1954-55இல் தொடங்கியது. 2022இல் ஒன்றிய அரசு அதில் ஒரு விதியைச் சேர்த்தது. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்திய சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்தப் பணம் கிடையாது. யோசித்துப் பாருங்கள். 1916 மே 9ஆம் தேதி கொலம்பியாவில் அம்பேத்கர் என்ற மாணவர் படித்த கட்டுரை 'இந்தியாவில் சாதிகள்'. இந்த விதிப்படி அந்தத் தலைப்புக்கு உதவித்தொகை கிடைக்காது. நீ வெளிநாடு போ, இஞ்சினியராக வா, ஆனால் உன்னை மிதிப்பது எது என்று மட்டும் படிக்காதே என்கிறார்கள். பள்ளியில் சமஸ்கிருதம் கிடையாது என்ற பழைய பூட்டுக்குப் புதுச் சாவி இது.

2025 ஜூலையில் இதே திட்டத்தில் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் வந்தது. மீதி 66 பேருக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். பல்கலைக்கழகம் வகுப்பு தொடங்குகிற தேதியை நமக்காகத் தள்ளி வைக்காது. பெயர் எடுபடுவது இப்படித்தான். 'தகுதி இல்லை' என்று எவனும் எழுத மாட்டான், 'வந்து சேரவில்லை' என்று எழுதுவான்.

தோழர்களே, பேனரில் இல்லாத பட்டத்தை எழுதுவதை விடுவோம். பான் பதிவேட்டில் ஏறி இறங்கிய அந்தப் பெயரை உள்ளபடியே நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். மூளை போதாமல் நின்ற படிப்பு அல்ல அது. காசும் காலமும் போதாமல் நின்ற படிப்பு. அப்படி நிற்கிற படிப்புகளுக்கு யார் பொறுப்பு என்று கேட்க, உண்மையான கணக்கு கையில் இருக்க வேண்டும். 2022 விதியை நீக்கச் சொல்வதும், உதவித்தொகையைச் சேர்க்கைக்கு முன்பே கையில் கொடுக்கச் சொல்வதும், அடமானம் இல்லாத கல்விக் கடன் கேட்பதும் அந்தக் கணக்கைத் தீர்க்கிற வேலைகள். ஊருக்கு ஊர் நின்றுபோன படிப்புகளின் பட்டியலை எடுப்போம். எந்த வகுப்பில், எந்த வருஷம், எவ்வளவு பணத்துக்காக நின்றது என்று பேரோடு எழுதுவோம். அந்தப் பட்டியலில் முதல் பெயராக பீமராவ் ராம்ஜி அம்பேத்கர், பான், 1923 என்று இருக்கட்டும்.