மை தீட்டும் கோல்

சென்ற தீபாவளிக்கு முன்னர், ஜோகூர் பாருவில் உங்கு புவான் சாலைக் கடையொன்றில் நாம் கண்டது இது. தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்ந்த மூதாட்டியொருவர், கணவரை இழந்தவர், தம் மருமகளோடு நின்றிருந்தார். மருமகள், கண்ணுக்குத் தீட்டும் நீர்மைக் குப்பியைத் திறந்து, பேனா முள்ளன்ன மெல்லிய தூரிகையால் தன் புறங்கையில் ஒரே இழுப்பில் கோடிட்டாள். "அத்தே, நீங்களும் கையக் கொடுங்க" என்றாள். மூதாட்டி தம் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

கையிலிட்ட மைக்கும் அஞ்சுவதேன்? அவ்வச்சம் மையைப்போலப் பழைமையானதன்று. எகிப்தியர் ஈயக்கல்லைப் பொடித்து, ஆணும் பெண்ணும் கண்ணுக்கு இட்டனர். 1912-இல் அமர்னாவில் அகழ்ந்தெடுத்த அரசி நெஃபெர்டீட்டியின் சிலையில், 3,300 ஆண்டுகள் கடந்தும் இமையோரத்துக் கருங்கோடு அழியவில்லை. நம் நாட்டிலோ மை எழுதுதற்கெனக் கோலே இருந்தது. எழுதுங்கால் கண் அக்கோலைக் காணாதென்பதை வள்ளுவர் 1285-ஆம் குறளில் காதலுக்கு உவமையாக்கினார். தீட்டிப் பழகியோரை உற்றுநோக்கினாலன்றி இவ்வுவமை பிறந்திராது.

பின்னாளில் ஏழையர் இல்லங்களிலும் மை இருந்தது. விளக்கெண்ணெய் அகல்மீது பித்தளைத் தட்டைக் கவிழ்த்து, படிந்த கரியை வழித்து, எண்ணெயிலோ நெய்யிலோ குழைத்துச் சிமிழில் சேர்ப்பர். கடல் கடந்த நம் மக்களின் லயத்து வீடுகளிலும் குழந்தையின் கன்னத்துக்கு அதுவே திருஷ்டிப் பொட்டு. காசு வேண்டாத அப்பொருளைத்தான், பூவோடும் பொட்டோடும் சேர்த்து, கைம்பெண் தொடலாகாதென விலக்கினர். மனைவியை இழந்தவன் மீசைக்கு மை தடவினால் எவரேனும் தடுத்ததுண்டா? மறுமணத்துக்கு நாள் பார்ப்பரேயன்றி வேறில்லை!

நீர்மை என்பது நீரும் கருநிறமியும், உலர்ந்ததும் படலமாகும் பிசினும் சேர்ந்ததே. ஆதலின் வியர்வையில் எளிதில் கரையாது. கண்ணுக்கிடுவதில் எச்சரிக்கை வேண்டுமென்பதும் உண்மை. 1933-இல் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்னும் இமைச் சாயத்தால் பார்வை இழந்தோர் உளர்; 1938-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம். மலேசியாவில் 2008 முதல் அழகுப் பொருள்களை விற்குமுன் அரசு மருந்து ஒழுங்குமுறை அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும். ஈயம் சேர்த்தல் தடை. பெயரற்ற சுர்மாப் பொட்டலங்களை விலக்குக. அஞ்சத்தக்கது ஈயமேயன்றி ஊர் வாயன்று.

மருமகள் இரண்டு குப்பிகள் வாங்கினாள். ஒன்றை அத்தையின் கைப்பையில் இட்டாள். அவர் வெளிவாயில்வரை ஒன்றும் பேசவில்லை. பையைத் திறந்து அதைத் திருப்பித் தரவும் இல்லை.