பிழையை எங்கே ஒதுக்குவது? – டிஜிட்டல் ஒலிமாற்றிகளின் வரலாறு

குறுந்தகட்டில் பதிவாகியிருப்பவை எண்கள். இடம், வலம் என்னும் இரு தடங்களில் ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 44,100 எண்கள். அவ்வெண்களை மீண்டும் மின்னழுத்தமாக்கி நம் செவிக்கு வழி செய்து தரும் கருவியே டிஜிட்டல்-அனலாக் மாற்றி. சில ஆயிரம் ரூபாய்க்கும் அது கிடைக்கிறது. பல லட்சம் கொடுத்து வாங்குவோரும் உளர். விலையுயர்ந்த மாற்றிகளைப் பற்றிய பேச்சில் 'இயல்பான ஒலி', 'உயிர்ப்பு' போன்ற சொற்கள் தாராளமாகப் புழங்குகின்றன. அச்சொற்களுக்குப் பின்னே நிற்கும் வடிவமைப்பு முடிவுகளை அறிய, குறுந்தகடு பிறந்த காலத்துக்கு நாம் செல்ல வேண்டும்.

பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் 1980இல் குறுந்தகட்டுக்கான பொது விதிகளை வகுத்தன. ஓர் எண்ணுக்கு 14 பிட் போதும் என்பது பிலிப்சின் எண்ணம். 16 பிட் வேண்டும் என்று சோனி வற்புறுத்தியது. 14 பிட் என்றால் 16,384 படிகள். 16 பிட் என்றால் 65,536 படிகள். சோனியின் கருத்தே நிலைத்தது. பிலிப்ஸ் பொறியாளர்களுக்கு இது பெரும் இக்கட்டு. டி.டி.ஏ.1540 என்னும் 14 பிட் சில்லை அவர்கள் ஏற்கெனவே உருவாக்கியிருந்தனர்.

16 பிட் மாற்றி ஏன் அவ்வளவு கடினம்? ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு மின்னோட்டம் உண்டு. அடுத்தடுத்த பிட்டின் அளவு முந்தையதில் சரிபாதி. இவற்றைக் கூட்டினால் வேண்டிய மதிப்பு கிடைக்கும். ஆனால் மிகப்பெரிய மின்னோட்டம் சற்றே பிசகினாலும், அந்தப் பிசகு கடைசிப் பிட்டின் அளவையே விழுங்கிவிடும். அறுபத்தையாயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் சிலிக்கானைச் செதுக்குவது அன்று எளிதன்று.

பிலிப்சின் ரூடி வான் டி பிளாஸ் 1976இல் இதற்கொரு வழி காட்டியிருந்தார். சமமாக இருக்க வேண்டிய மின்னோட்டங்களைத் துல்லியமாகச் செதுக்க முயல்வதற்கு மாறாக, அவற்றை விரைந்து இடம் மாற்றிச் சுழலவிட்டார். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்திலும் முறை வைத்து நிற்பதால், சராசரியில் வேறுபாடு கரைந்துவிடுகிறது.

எஞ்சிய இரண்டு பிட் குறைக்கு வேறொரு உத்தி கைகொடுத்தது. எண்களின் வேகத்தை நான்கு மடங்காக்கி, நொடிக்கு 176,400 ஆக்கினர். தோராயப்படுத்துவதால் எழும் இரைச்சல் நான்கு மடங்கு அகன்ற அலைவரிசையில் பரவ, செவிக்கு எட்டும் பகுதியில் அதன் கால்பங்கே தங்கியது. மேலும், ஒவ்வொரு முறையும் வெட்டப்படும் மிச்சத்தை அடுத்த எண்ணின் கணக்கில் சேர்த்தனர். எஞ்சிய இரைச்சலிலும் பெரும்பகுதி செவிக்கு அப்பால் சென்றது. ஆக, 14 பிட் சில்லு ஏறத்தாழ 16 பிட் தரத்தில் இசைத்தது.

1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனியின் சி.டி.பி.101 நேர்மாறான வழியில் சென்றது. மாற்றி 16 பிட். ஆனால் இரு தடங்களுக்கும் ஒரே மாற்றிதான். ஆகவே ஒரு தடம் மற்றதைவிட ஏறத்தாழ 11 மைக்ரோநொடி பின்தங்கியது. வேகத்தைப் பெருக்காததால், 20 கிலோஹெர்ட்சுக்குச் சற்று மேலேயே அனைத்தையும் வெட்டும் செங்குத்தான அனலாக் வடிகட்டியும் தேவைப்பட்டது. அத்தகைய வடிகட்டி உயர்சுருதிகளின் காலஒழுங்கைக் குலைக்கக்கூடியது. நான்கு மடங்கு வேகத்தால் பிலிப்சுக்கு மென்மையான வடிகட்டியே போதுமானதாயிற்று.

இவ்விடத்தில் ஓர் உண்மை நமக்குப் புலனாகிறது. இரு நிறுவனங்களும் பிழையை ஒழித்துவிடவில்லை. வெவ்வேறு இடங்களில் ஒதுக்கிவைத்தன. பின்னர் வந்த வரலாறு முழுவதும் இதன் விரிவுரையே.

1980களின் இறுதியில் பிலிப்சின் 'பிட்ஸ்ட்ரீம்' மாற்றிகள் ஒரே பிட்டில் இயங்கின. வேகமோ 256 மடங்கு, நொடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 13 லட்சம். இதன் அடிப்படைக் கருத்தை டோக்கியோவில் இனோசே, யசுதா முதலியோர் 1962இலேயே வெளியிட்டிருந்தனர். ஒரே பிட் என்பதால் மின்னோட்டங்களைச் சமன்செய்யும் தொல்லை தீர்ந்தது, விலையும் குறைந்தது. அதற்கு ஈடாகக் கடிகாரத் துடிப்பு மிகத் துல்லியமாக இருக்க வேண்டியதாயிற்று. பிழை அளவிலிருந்து காலத்துக்குக் குடிபெயர்ந்தது எனலாம்.

1990களின் பிற்பகுதியில் ஜப்பானின் ரியோஹெய் குசுனோகி வேகப் பெருக்கத்தையும் டிஜிட்டல் வடிகட்டியையும் முற்றாகக் கைவிடும் வடிவமைப்பை முன்வைத்தார். அத்தகைய வடிகட்டிகள் ஓர் ஒலித்துடிப்புக்கு முன்னும் பின்னும் சிற்றலைகளை எழுப்பும் என்பது இவ்வழியினரின் குறை. ஆனால் வடிகட்டியை நீக்கினால் 20 கிலோஹெர்ட்சில் ஒலி ஏறத்தாழ 3 டெசிபல் தாழும். செவிக்கு அப்பாலுள்ள போலி அலைகளும் பெருக்கிக்குள் நுழையும். பிலிப்சின் பழைய டி.டி.ஏ.1541ஏ சில்லைத் தேடி அலையும் கூட்டமும் உருவாயிற்று. தேர்ந்தெடுத்த சில்லுகளில் பொறிக்கப்பட்ட கிரீடச் சின்னத்துக்குத் தனி விலை.

2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில் ஏ.கே.எம். நிறுவனத்தின் தொழிற்சாலை தீக்கிரையானது. உயர்தர மாற்றிகள் பலவற்றுக்குச் சில்லு வழங்கிய இடம் அது. தயாரிப்பாளர் சிலர் வேறு நிறுவனச் சில்லுகளை நாடினர். சிலர் தனித்தனி மின்தடைகளை ஏணிபோல் அடுக்கும் பழைய முறைக்குத் திரும்பினர். எந்த மாற்றி என்னும் முடிவு செவியால் மட்டும் எடுக்கப்படுவதில்லை என்பதை அத்தீ உணர்த்திற்று.

ஆகவே, 'இதுவே உண்மையான ஒலி' என்று விற்பனையாளர் நம்மிடம் கூறும்போது, விலையைக் கேட்குமுன் வேறொன்றைக் கேட்பது நன்று: இக்கருவி தன் பிழையை எங்கே ஒதுக்கியிருக்கிறது? மின்தடையிலா, கடிகாரத்திலா, வடிகட்டியிலா, செவிக்கெட்டா உயரத்திலா? விடை சொல்லத் தெரிந்தவரிடம் வாங்கலாம். பிழையே இல்லை என்பாரிடம் சற்று எச்சரிக்கையாக இருப்போம்.