சீதனக் காணியிலிருந்து தாபரிப்புப் பணம் வரை

கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலில் ஒரு சனிக்கிழமை அன்னதானச் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். ரெஸ்ரோரண்டில் வாரம் முழுவதும் சட்டி கழுவுகிற எமக்கு இது புதிய வேலையல்ல. பக்கத்தில் நின்ற அக்கா ஒருவரின் பதினெட்டு வருடக் குடும்ப வாழ்வு முறிந்துவிட்டது. பிள்ளைகளை வளர்ப்பதிலேயே காலம் போனதால் வேலை அனுபவம் கிடையாது. இப்போது மூட்டுவலியோடு தொழிற்சாலையில் இரவு வேலை.

"அவரிட்டைத் தாபரிப்புக் கேக்கேல்லையோ அக்கா?" என்றோம்.

"விட்டிட்டுப் போன மனிசன்ரை காசு எனக்கென்னத்துக்கு? நான் என்ன பிச்சையே எடுக்கிறன்?"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நாமும் ஆட்டினோம். வீட்டுக்கு வந்தபிறகுதான், இந்தப் 'பிச்சை' என்ற சொல் எமக்குள் எப்படி வந்தது என்று யோசிக்கத் தொடங்கினோம்.

எமது பழைய வழக்கம் அப்படிச் சொல்லவில்லை. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டனர். 1806இல் ஆங்கிலேயரும் அதைச் சட்டமாக ஏற்றனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை அது மூன்றாகப் பிரித்தது. தாயின் சீதனம் மகள்மாருக்குப் போவதே பழைய முறை. அதாவது சீதனக் காணி பெண்ணின் பேரிலேயே இருந்தது. கணவன் கைவிட்டாலும் காலடியில் மண் இருந்தது.

இதை வைத்துப் பழம்பெருமை பேச நாம் தயாரில்லை. 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி, கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி மனைவி தன் காணியை விற்க முடியாது. பிறகு காணியோடு 'டொனேஷன்' என்று மாப்பிள்ளை வீட்டுக்குக் காசும் சேர்ந்தது. யுத்தம் வந்தது. காணி ஊரில் கிடக்க, காசு மட்டும் விமானமேறியது. கணவனின் கைக்குப் போன காசுக்கு உறுதியுமில்லை, வேலியுமில்லை.

அப்படியானால் வெட்கம் எங்கிருந்து வந்தது? 1889ஆம் ஆண்டுத் தாபரிப்புக் கட்டளைச்சட்டத்தின் கீழ், கணவன் தன்னைப் பராமரிக்கவில்லை என்று மனைவி நீதவான் முன் நின்று நிரூபிக்க வேண்டும். அவள் பிறனோடு வாழ்கிறாள் என்று காட்டினால் உரிமை போய்விடும். ஆகவே காசு கேட்டவளின் ஒழுக்கம் சந்திக்கு வந்தது. 'தாபரிப்பு வழக்குக்காரி' என்பது ஊரில் ஒரு வசையாயிற்று. 1999இல் வந்த புதிய சட்டம் கணவன், மனைவி இருவருக்கும் பொதுவான கடமையாக அதை மாற்றியது. எமது மனம் மட்டும் 1889இலேயே நிற்கிறது.

அவுஸ்திரேலியாவிலும் ஒருகாலத்தில் விவாகரத்துக்குக் குற்றம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. விட்லம் அரசாங்கம் கொண்டுவந்த 1975ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம், 1976 ஜனவரி 5 முதல், அதை ஒழித்தது. பன்னிரண்டு மாதம் பிரிந்திருந்தால் போதும். தாபரிப்புக்கு இரண்டு கேள்விகள்தான் அடிப்படை. ஒருவரால் தன்னைப் போதியளவு பார்த்துக்கொள்ள முடியவில்லையா? மற்றவரிடம் கொடுக்க வசதி உண்டா? பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பராமரிப்பது, முதுமை, நோய் போன்ற காரணங்கள் ஏற்கப்படும். நீண்ட மணவாழ்வு ஒருவரின் உழைக்கும் திறனை எவ்வளவு பாதித்தது என்பதும் கணக்கில் வரும். ஆணும் கேட்கலாம்.

இது ஆயுள் முழுவதுக்குமான சம்பளமல்ல. பெரும்பாலும் ஒரு கால எல்லைக்கே கிடைக்கும். மறுமணம் செய்தால் பொதுவாக நின்றுவிடும். பிள்ளைகளுக்கான பணமும் சொத்துப் பிரிப்பும் வேறு விடயங்கள். முக்கியமாக, விவாகரத்துக் கட்டளை நடைமுறைக்கு வந்து பன்னிரண்டு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் நீதிமன்றத்தின் விசேட அனுமதி தேவை. மணமுடிக்காமல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குப் பிரிந்ததிலிருந்து இரண்டு வருடம்.

2025 ஜூன் முதல் இச்சட்டத்தில் இன்னொன்றும் சேர்ந்தது. வற்புறுத்திச் சீதனம் கேட்பது பொருளாதார வன்முறையின் உதாரணமாக எழுதப்பட்டிருக்கிறது. 1707இல் பெண்ணுக்கு ஆதாரமாக ஏட்டில் ஏறிய சீதனம், 318 வருடம் கழித்து அவளுக்கு எதிரான வன்முறையாக இன்னொரு நாட்டின் ஏட்டில் ஏறியிருக்கிறது. இந்தத் தூரத்தை நடந்து வந்தவர்கள் நாம்தான்.

தமிழ்நாட்டில் இதை ஜீவனாம்சம் என்கிறார்கள். அம்சம் என்றால் பங்கு. பதினெட்டு வருடம் சமைத்து, பிள்ளை வளர்த்து, அவரை வேலைக்கு அனுப்பியவளின் பங்கு அது.

அடுத்த சனிக்கிழமை அக்காவிடம் இதையெல்லாம் சொன்னோம். நாம் சட்டத்தரணிகளல்ல, பல்கலைக்கழகத்தையே பாதியில் விட்டவர்கள். இலவசச் சட்ட உதவியில் கேளுங்கள், டண்டினோங்கிலேயே குடும்ப நீதிமன்றக் கிளை இருக்கிறது என்றோம். அவருடைய விவாகரத்து முடிந்து பத்து மாதம். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

"பாப்பம் தம்பி" என்றார்.

முதல் நாள் தலையாட்டியதற்காக நாம் வெட்கப்படுகிறோம். வெட்கப்பட வேண்டியது அவரல்ல.